ஆறு பெட்டி, ஒரு டிரான்ஸ்பார்மர்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்பார்கள். செல்போன் உறைகளும் சிசிடிவி கேமராக்களும் கடை வாசல்களைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பு, 1980களிலும் 90களிலும், இங்கே வந்தவர்கள் பலர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஐசி, கெப்பாசிட்டர், வால்யூம் கன்ட்ரோல், ஹீட் சிங்க் என்று பட்டியல் நீளும். கடைக்காரர் டிரான்ஸ்பார்மரை எடுத்து வைத்ததும் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் காப்பர் சுற்றியது. லேசாக இருந்தால் அலுமினியம். அலுமினியத்துக்கு விலை குறைவு. ஆனால் ஒரு படம் ஓடி முடிவதற்குள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு 'ஹோம் தியேட்டர்' வந்த கதையை வெளிநாட்டு கம்பெனிகளின் ஷோரூம்களிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும். அந்தப் பெயர் இங்கே புழங்குவதற்கு முன்பே, சாமானை மொத்தமாக வாங்காமல் பாகம் பாகமாக வாங்கி, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 'அசெம்பிள் செட்' என்பது அதன் பெயர். கையில் இருக்கும் காசை டிரான்ஸ்பார்மருக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட வாங்குபவருக்கே தெரிந்திருந்தது. பின்னாளில் அட்டைப்பெட்டியில் அடைத்து வந்த செட்டுகள் இந்தக் கணக்கைத்தான் முதலில் மறக்கடித்தன.

சென்னைக்கு ஒலிபரப்புக் கருவிகளோடு பழக்கம் பழையது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவாகி, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்றே ஆண்டில் பணத் தட்டுப்பாட்டால் நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930இல் மறுபடி உயிர்பெற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று வந்தது. அந்நாளில் ரேடியோ வைத்திருக்கவே உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய அந்த வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்பதற்கும் இந்திய அரசுக்குக் கட்டணம் கட்டிய காலம் அது.

மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று பெயருள்ள ரேடியோக்கள் ஒரு பக்கம். அதே வேலையை அதைவிட மலிவாகச் செய்யும் உள்ளூர் செட்டுகள் இன்னொரு பக்கம். வால்வு காலத்தில் மெக்கானிக் ஆவது பெரிய படிப்பு. 1960களில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அது எளிதாயிற்று. 1969இல் டெல்லியிலிருந்து வரத் தொடங்கிய 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை மாதம் தவறாமல் சர்க்யூட் படங்களைப் போட்டது. ஐடிஐயில் ரேடியோ மெக்கானிக் படித்தவர், படிக்காமலேயே அண்ணன் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் என்று ஊருக்கு நாலு பேர் சால்டரிங் அயர்னைப் பிடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் உதிரி பாகம் கிடைக்கும் இடமாக ரிச்சி தெரு வளர்ந்தது.

வெளிநாட்டு ஆம்ப்ளிபயரை முறைப்படி இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். சுங்க வரி தலைக்கு மேல் போகும். 1991க்கு முன்பு நடுத்தரக் குடும்பத்துக்கு அது நடக்கிற காரியமில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற மாமா தோளில் தூக்கி வரும் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன்னுக்காகக் காத்திருக்கலாம். அல்லது பர்மா பஜாருக்குப் போகலாம். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960களின் பிற்பகுதியில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி முளைத்த அந்தக் கடைவரிசையில் ஜப்பான் சாமான் கிடைக்கும். ரசீது கிடைக்காது, ரிப்பேரும் கிடைக்காது.

இந்திய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கொல்கத்தாவின் சோனோடைன் 1970லிருந்து வீட்டுக்கான ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் செய்தது. டெல்லியின் அஹூஜா கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்டாகக் குடியிருந்தது. ஆனால் சோனோடைனை வீட்டில் வைத்திருந்தவர்களைவிட, அதை ரெக்கார்டிங் சென்டரின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பார்த்தவர்களே அதிகம். ஒரு தாளில் ஏ சைடு, பி சைடு என்று பிரித்துப் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், எல்பி ரெக்கார்டிலிருந்து காசெட்டில் பதிந்து இரண்டு நாளில் கொடுப்பார்கள். வாடிக்கையாளரை இழுக்க அந்தக் கடைகள் நல்ல செட்டாக வைத்துச் சத்தமாகப் பாடவிட்டன. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைக்கு ஸ்டீரியோ என்றால் என்ன என்று காது பழகியது அந்தக் கடை வாசல்களில்தான்.

கேட்கவும் சரக்கு இருந்தது. 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். தமிழ்ப் படப் பாடல்களில் அதுவே முதல் என்று கருதப்படுகிறது. இடப்பக்கம் கிடார், வலப்பக்கம் வயலின் என்று பிரிந்து வருவதை ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் கேட்க முடியாது. இரண்டு பெட்டி வேண்டும். இரண்டு பெட்டிக்குக் காசில்லாதவர்கள் இன்னொரு வழி கண்டார்கள்: மண்பானை. வாய் அகலமான பானையின் மேல் ஆறு அங்குல ஸ்பீக்கரை வைத்துக் கட்டி, மூலையில் நிறுத்தினால் அடித்தொண்டைச் சத்தம் திரண்டு வரும். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிர்வதால் கிடைக்கும் லாபம் அது. எல்லா பேஸ் நோட்டும் அந்த ஒரே சுருதியில் முழங்கும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையின் நாயகன் ஒரு ஐசி.

ஜப்பானின் சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்ஏ4440. மெக்கானிக்குகள் வாயில் 'ஃபார்ட்டி ஃபோர் ஃபார்ட்டி'. ஒரே ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிபயர். சானலுக்கு 6 வாட். இரண்டையும் 'பிரிட்ஜ்' செய்து ஒன்றாகப் போட்டால் 19 வாட். கார் பேட்டரியை நம்பி வடிவமைத்ததால் 13.2 வோல்ட் போதும். வெளியே பொருத்த வேண்டிய கெப்பாசிட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2என்3055 டிரான்சிஸ்டர்களை வைத்து ஆம்ப்ளிபயர் கட்டுபவர் பயஸ் கரெண்ட், மேட்சிங் ஜோடி என்று பல விஷயங்களைப் பார்க்க வேண்டும். 4440இல் அந்தத் தலைவலி இல்லை. போர்டில் ஈயம் வைக்கத் தெரிந்தால் போதும், மாலைக்குள் பாட்டு வந்துவிடும். தனியார் பஸ்களிலும் வேன்களிலும் ஓடிக்கொண்டிருந்த இந்த ஐசி மெதுவாக வீட்டு ஷோகேஸுக்குள் குடிவந்தது. அதைவிடப் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு அதே சான்யோவின் எஸ்டிகே4141 இருந்தது. சானலுக்கு 25 வாட். ஊருக்கு ஒருவர் வைத்திருப்பார், தெருவுக்கே கேட்கும்.

காருக்குச் செய்ததை வீட்டு மின்சாரத்தில் ஓட்டும்போதுதான் சிக்கல் வந்தது. கடையில் சுலபமாகக் கிடைப்பது 12-0-12 டிரான்ஸ்பார்மர். அதில் வருவது 12 வோல்ட் ஏசி. டயோடு வழியாக டிசி ஆக்கி 4700 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரில் நிரப்பினால் 16, 17 வோல்ட்டாகிவிடும். பாட்டு ஓடும்போது 4440 தாங்குவதாக சான்யோ சொன்ன எல்லை 18. ராத்திரி பதினொரு மணிக்கு ஊரெல்லாம் விளக்கணைத்த பிறகு லைன் வோல்டேஜ் ஏறும். 230 என்பது 250 ஆகும்போது இந்தப் பக்கம் 18ஐத் தாண்டும். ஐசி போய்விடும். காலையில் போர்டைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் வந்து நிற்பவர்களுக்கு விலை குறைந்த ஒரு நிவாரணமும் இருந்தது: 12க்குப் பதிலாக 9-0-9 டிரான்ஸ்பார்மர். சத்தம் கொஞ்சம் குறையும், ஐசி பிழைக்கும். கேட்டு மாற்றிக்கொண்டவர்கள் குறைவு. சத்தத்தைக் குறைக்க யார் காசு கொடுப்பார்கள்?

ஸ்பீக்கர் விஷயத்திலும் இதே பிடிவாதம்தான். ஒலியின் அளவை 3 டெசிபல் உயர்த்த ஆம்ப்ளிபயரின் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. ஒரு வாட் கொடுத்தால் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுப்பதும், 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது நல்ல ஸ்பீக்கர் வாங்கியவர் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்க வேண்டியதில்லை. பட்ஜெட் ஆடியோவில் இதைவிட லாபமான கணக்கு வேறு கிடையாது. ஆனாலும் தெருவில் விலை பேசப்பட்டது வாட்டை வைத்துத்தான். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எவ்வளவு என்று அச்சிட்ட சீட்டு அந்த மலிவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இருக்காது. காந்தம் எவ்வளவு பெரியது என்று திருப்பிப் பார்த்து வாங்கினார்கள்.

பெட்டியைத் தச்சர் செய்தார். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு கன அளவுப் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று கணக்கே போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு தச்சர் பட்டறைக்கு வந்து சேரவில்லை. ஷோகேஸில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் பெட்டியின் அளவு. குழாய் என்பது பிளம்பர் மிச்சம் வைத்த பிவிசி துண்டு. பிளைவுட்டுக்குக் காசில்லையென்றால் பார்ட்டிகிள் போர்டு. மேலே கறுப்பு ரெக்சின் ஒட்டி, நாலு மூலையிலும் உலோக முனை அடித்துவிட்டால் கச்சேரி மேடைப் பெட்டி போலவே தெரியும். அதிசயம் என்னவென்றால், இப்படிக் குத்துமதிப்பாகச் செய்த பெட்டிகளில் சில நன்றாகவே பாடின. அளவு கூடுதலாகப் போனதுதான் காரணம். 4440இன் சொற்ப வாட்டுக்குப் பெரிய பெட்டி தோதாக அமைந்துவிட்டது.

இதெல்லாம் பாட்டுக் கேட்பதற்கு. சினிமாவை வீட்டில் தியேட்டர் மாதிரிக் கேட்க வேண்டும் என்ற ஆசையைத் தியேட்டர்களே கிளப்பிவிட்டன. 1986இல் ரஜினிகாந்தின் 'மாவீரன்' 70 எம்எம்மில், ஆறு டிராக் ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. தமிழில் அப்படி வந்த முதல் படம். ஆனால் 70 எம்எம் வசதியுள்ள அரங்குகள் சில நகரங்களில் மட்டும். 1995இல் கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியில் வெளியாகிப் பேச்சை நகர்த்தியது. பின்பு டிடிஎஸ் வந்தபோதுதான் விஷயம் சின்ன ஊர்களுக்கு இறங்கியது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. டிடிஎஸ் முறையில் ஒலி ஃபிலிமில் இல்லை. படப்பெட்டியோடு தனியாக வரும் சிடி-ராம் தகடுகளில் இருக்கிறது; ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் குறிகளைப் படித்து, படத்தோடு ஒலியைச் சேர்த்து ஓட்டினால் போதும். பழைய புரொஜெக்டரிலேயே ஒரு ரீடரை மாட்டிவிடலாம். கொஞ்ச நாளில் சுவரொட்டியில் நாயகன் பெயருக்குக் கீழே 'ஏசி டிடிஎஸ்' என்று தியேட்டர்காரர்கள் கொட்டை எழுத்தில் போட ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு அதைக் கொண்டுவரும் மிக மலிவான வழி அமெரிக்காவில் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. டைனகோ கம்பெனியின் டேவிட் ஹாஃப்லர் 1970களின் தொடக்கத்தில் பரப்பிய யுக்தி அது. தனி ஆம்ப்ளிபயர் வேண்டாம், டீகோடர் வேண்டாம். ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரின் இடது சானல் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், வலது சானல் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஸ்பீக்கர். அவ்வளவுதான். அந்த ஸ்பீக்கரில் இரண்டு சானலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். பாடகர் குரல் இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் வித்தியாசம் பூஜ்யம். குரல் அந்தப் பெட்டியில் வராது. இருபுறமும் மாறுபட்டு ஒலிக்கும் வயலின்களும் கோரஸும் எக்கோவும் வரும். அந்த ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் எஸ்பிபி காணாமல் போயிருப்பார், வாத்தியக்காரர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டால் அறை சட்டென்று அகலமாகிவிட்டதைப் போலிருக்கும். டால்பி ஸ்டீரியோ படங்களில் பின்பக்க ஒலியை இதே வித்தியாசத்துக்குள்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். ஆகவே ஒரு ஸ்பீக்கர், பத்தடி வயர் செலவில் கிடைத்தது கிட்டத்தட்ட நிஜமான சரவுண்டு.

ரிச்சி தெருவில் இந்த இணைப்பு தெரிந்த மெக்கானிக்குகள் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்வார்கள். "தம்பி, பிரிட்ஜ் போட்ட செட்டுல இதப் பண்ணிடாத." பிரிட்ஜ் செய்த ஆம்ப்ளிபயரில் ஸ்பீக்கர் வயர் இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது, பொது மைனஸ் கிடையாது. அங்கே இந்த விளையாட்டை ஆடினால் ஐசி புகைந்துவிடும்.

1990களின் கடைசியில் விசிடி வந்தது. கேபிள் டிவியை விடத் தெளிவு, வீடியோ காசெட்டை விட மலிவு. விசிடி பிளேயரோடு சேர்த்து ஒரு ஹோம் தியேட்டர் என்பது சிற்றூர்க் கல்யாணச் சீர் வரிசையில்கூட இடம்பிடித்தது. இங்கே ஒரு வேடிக்கை. விசிடியில் இருப்பதே இரண்டு சானல்தான். அதன் தொழில்நுட்ப வரையறையில் ஐந்து சானலுக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் விற்றது '5.1', அதாவது ஐந்து சானலும் ஒரு சப் ஊஃபரும். தைவானின் பிரின்ஸ்டன் கம்பெனி செய்த பிடி2322, பிடி2323 போன்ற ஐசிகள் இரண்டு சானலைக் கூட்டிக் கழித்து ஆறாகக் காட்டின. இரண்டையும் கூட்டினால் நடு ஸ்பீக்கர். கழித்தால் பின் ஸ்பீக்கர். 4558 ஐசி போட்ட ஃபில்டரில் வடிகட்டினால் சப் ஊஃபர். ஹாஃப்லர் ஒரு வயரில் செய்ததை ரிமோட்டோடு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதிலும் பெரும்பாலான வீடுகளில் ஓடியது திருட்டு விசிடி. தியேட்டருக்குள் கேமராவை ஒளித்து எடுத்த பிரிண்டில் ஒலி ஒற்றை மைக்கில் பதிவானது. படத்தோடு சேர்த்து விசிலும் கைதட்டலும் முன்வரிசைக் குழந்தையின் அழுகையும் ஆறு பெட்டியிலும் வந்தன. தியேட்டர் அனுபவம் என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்துக்குள் திருட்டு விசிடிக்காரர்களையும் கொண்டுவந்தது. விற்பனை மறைவாயிற்று, நிற்கவில்லை.

டிவிடி வந்தபோதுதான் டால்பி டிஜிட்டலின் நிஜமான 5.1 வீட்டுக்குள் நுழைந்தது. சீனாவிலிருந்து வந்த மலிவு பிளேயர்களின் முதுகில் ஆறு ஆர்சிஏ ஜாக்குகள் இருந்தன, டீகோடர் உள்ளேயே. அசெம்பிள் செட்காரர்களுக்கு இது நல்ல காலம். சானலுக்கு ஒரு டிடிஏ2030 என்று ஆறு ஐசி வரிசையாக ஒரே ஹீட் சிங்க்கில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 14 வாட். ஆறுக்கும் கணக்குப் போட்டால் 80 வாட்டுக்கு மேல் தரக்கூடிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். பட்ஜெட் போடும்போது கைவைக்கப்பட்டது அங்கேதான். பாட்டு மெதுவாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சண்டைக் காட்சியில் கார் வெடித்ததும் வோல்டேஜ் சரிந்து, அந்த வெடிச் சத்தமே கரகரத்துப்போகும்.

"ரெண்டு சேனல் நல்லதா போட்டுக்கலாமே, எதுக்கு ஆறு?" என்று கேட்ட மெக்கானிக்குகள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. ஒரே தொகையை ஆறு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டால் ஆறும் நாலு அங்குலப் பொம்மைகளாகத்தான் கிடைக்கும். அதே காசில் எட்டு அங்குல ஊஃபரும் ட்வீட்டரும் வைத்த இரண்டு பெட்டிகள் வசனத்தையும் பாட்டையும் பல மடங்கு தெளிவாகக் கொடுத்திருக்கும். ஆனால் எதிர்வீட்டில் 5.1 வந்துவிட்ட பிறகு இந்த வாதம் எடுபடவில்லை. பின் ஸ்பீக்கர்களைப் பரண் ஓரத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். நடு ஸ்பீக்கர் டிவிக்கு மேல் சரிந்து கிடந்தது. சப் ஊஃபரை மூலையில் தள்ளினார்கள். மூலைச் சுவர்கள் பேஸைத் தூக்கிக் கொடுப்பதால் அதிர்வு இன்னும் கூடியது. சிமெண்டுத் தரை, மொட்டைச் சுவர், இரும்புக் கிரில் என்று தமிழ்நாட்டுக் கூடங்களில் சத்தத்தை உறிஞ்சும் பொருள் ஒன்றும் கிடையாது. ஒரு கெட்டியான திரைச்சீலையும் கோரைப்பாய்க்கு மேல் ஒரு ஜமுக்காளமும் செய்திருக்கக்கூடிய உதவியை எந்த போர்டும் செய்யவில்லை.

இதே காலத்தில்தான் பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்ற கூத்து நடந்தது. கடைகளில் அட்டைப்பெட்டி செட்டுகளின் முகப்பில் '2000 வாட்ஸ்', '5000 வாட்ஸ்' என்று மின்னும். எப்படி அளப்பது என்று எந்தத் தரநிலையும் இல்லாத எண் அது. விற்பவர் மனசுதான் அளவுகோல். பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில், மின்நுகர்வு 40 வாட் என்று அதே கம்பெனியே அச்சிட்டிருக்கும். சுவரிலிருந்து 40 வாட் இழுத்துக்கொண்டு முன்னால் 2000 வாட் கொடுக்கும் கருவி நிஜமாகவே இருந்திருந்தால் தமிழ்நாட்டில் மின்வெட்டு வந்திருக்காது. அசெம்பிள் செட்காரர்கள் இந்த எண்ணால்தான் பிழைப்பை இழந்தார்கள். "நம்ம செட்டு 30 வாட்" என்று உண்மை சொன்னவரிடம் யார் நிற்பார்கள்?

2006க்குப் பிறகு கதையில் ஒரு திருப்பம். திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதுவரை டிவியே இல்லாத குடிசைகளிலும் படம் தெரிந்தது. ஒலிக்கு அந்தப் பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர்தான். பின்பக்கத்தில் ஆடியோ அவுட் ஜாக் இருந்தால், அதில் ஒரு வயரைச் செருகி ஊர் மெக்கானிக்கின் 4440 போர்டோடு இணைத்தவர்கள் உண்டு. மூட்டை கட்டிப்போட்ட பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இலவச டிவிக்காகத் திரும்பப் பரணிலிருந்து இறங்கின. இந்த அத்தியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அரசியல் விவாதத்தில் அந்த டிவியின் படம்தான் பேசப்பட்டது, சத்தம் பேசப்படவில்லை.

நகரத்துப் பையன்கள் வேறு வழியில் போனார்கள். 2000வாக்கில் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் 5.1 கார்டு வந்தது. கம்ப்யூட்டரில் அதைச் செருகி, ஆறு சின்ன ஸ்பீக்கர் செட்டை மாட்டினால், டிவிடியை அப்படியே 5.1ல் கேட்கலாம். அதே தெருவில் கம்ப்யூட்டர் உதிரி பாகக் கடைகள் பெருகியிருந்தன. சென்னையில் 1997இல் தொடங்கிய ஜெப்ரானிக்ஸ் அந்தக் கம்ப்யூட்டர் சாமான் வியாபாரத்திலிருந்து மேலே வந்து, பின்னர் டவர் ஸ்பீக்கர், சவுண்ட்பார் என்று வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. பட்ஜெட் ஹோம் தியேட்டரின் அடுத்த கட்டம் அப்படி அசெம்பிள் செட்டின் அக்கம்பக்கத்திலேயே பிறந்தது.

சவுண்ட்பாரும் தட்டை டிவியும் சேர்ந்து மற்றவற்றை ஓரங்கட்டின. டிவி மெலிந்துபோனதால் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை; சுவரில் அதற்குக் கீழே ஒரு நீளக் கட்டையை மாட்டுவது எளிது. வயர் கிடையாது, பரணில் ஆணி கிடையாது. வீட்டு அம்மாக்களின் நெடுநாள் புகார் ஒன்று அத்தோடு தீர்ந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி', தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. இந்தியப் படங்களில் அதுவே முதல். சில ஆண்டுகளிலேயே 'அட்மாஸ்' என்ற ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு சவுண்ட்பார்கள் வந்துவிட்டன. மேல்நோக்கிய ஸ்பீக்கர் இல்லாமலேயே அட்மாஸ். பிஎம்பிஓவின் பேரப்பிள்ளை.

இந்த செட்டுகளில் ஒரு கெப்பாசிட்டர் போனாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வாரண்டி முடிந்த பிறகு புது செட்டே மேல் என்கிறார்கள். அசெம்பிள் செட்டில் எந்தப் பாகம் போனதென்று வைத்திருந்தவருக்கே பாதி தெரியும். மீதியை மெக்கானிக் விரல் நுனியில் தொட்டு, சூட்டை வைத்தே சொல்லிவிடுவார். மலிவு என்பதில் பத்து ஆண்டு உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கடை செட்டைவிட அந்தக் கரடுமுரடான கறுப்புப் பெட்டிதான் ஜெயிக்கிறது.

சான்யோவின் செமிகண்டக்டர் தொழிலை 2011இல் அமெரிக்காவின் ஆன் செமிகண்டக்டர் வாங்கியது. 4440 என்ற எண் மட்டும் சாகவில்லை. சீனத்து நகல்கள் சிடி4440 என்ற பெயரில் இன்னும் தெருவில் கிடைக்கின்றன. ஆனால் புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் கேட்பது வேறு: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ3116 போட்ட கிளாஸ்-டி போர்டு. உள்ளங்கை அளவு, சானலுக்கு 50 வாட் வரை, வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஸ்பீக்கருக்கே போவதால் ஹீட் சிங்க் ஒரு தீப்பெட்டி அளவு போதும். 26 வோல்ட் வரை தாங்கும் என்பதால் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே அதை ஓட்டிவிடுகிறது. லேப்டாப் ரிப்பேர் கடைகள் நிறைந்த தெருவில் அந்த அடாப்டர்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

டால்பி டிஜிட்டலின் கடைசிக் காப்புரிமை 2017 மார்ச்சில் காலாவதியானது. அதை விரித்துக் கொடுக்கும் டீகோடர் போர்டுகள் இப்போது கையடக்கமாக, ஆறு ஆர்சிஏ ஜாக்குகளோடு வருகின்றன. டிவியின் ஆப்டிகல் வயரை ஒரு பக்கம் செருகினால், மறுபக்கம் ஆறு சானலும் பிரிந்து வரும். டிவிடி பிளேயர் பழுதான நாளிலிருந்து சும்மா கிடந்த பழைய 5.1 அசெம்பிள் போர்டுகளைச் சிலர் தூசி தட்டி, அதே ஆறு ஜாக்குகளில் இவற்றை மாட்டி ஓடிடி படங்களைக் கேட்கிறார்கள். டிடிஏ2030களை மாற்ற வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மரை மட்டும் பெரிதாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அட்மாஸ் அந்த போர்டுகளுக்கு இன்னும் எட்டவில்லை. கூரை ஸ்பீக்கருக்கான ஜாக்கும் அவற்றில் கிடையாது.